தண்ணியாக்கும் மருந்து

ஆலோசனை அறைக்குப் புதிதாக வரும் மருந்தாளர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் யாரையும் சுலபத்தில் நம்புகிறவள் அல்ல. உங்கள் மேலதிகாரி உண்மையிலேயே என் அனுபவம் வேண்டும் என்று கேட்டாரா, இல்லை ஆண்டு மலரில் நாலு பக்கம் காலியாகக் கிடந்ததா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முப்பது வருடத்துக்கு மேல் மருந்தாளராக இருந்தேன். கடைசிப் பகுதி முழுக்கக் கிள்ளானில் ஒரு மருத்துவமனையில், இதய நோயாளிகளோடு. நெஞ்சு வலி வந்து படுத்து எழுந்தவர்கள், அறுவை முடிந்து வீடு போகிறவர்கள், எல்லாரையும் அந்தச் சின்ன அறையில் உட்காரவைத்து, எந்த மாத்திரை எதற்கு, எதை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது, உடம்பில் எது நடந்தால் உடனே ஓடிவர வேண்டும் என்று சொல்வது என் வேலை. மாத்திரைகளின் பெயரும் அளவும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை நான் எழுதப் போவதில்லை.

வெள்ளை உடுப்புப் போட்ட பெண் யாராக இருந்தாலும் நம் நோயாளிகளுக்கு மிஸ்ஸிதான். எனக்கு மட்டும் முதுகுக்குப் பின்னால் ஒரு பட்டம் இருந்தது. போலீஸ் மிஸ்ஸி. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள், "இன்னிக்கு உள்ள யாரு? போலீஸா?" என்று கேட்பது என் காதில் விழும். கேட்டு உள்ளுக்குள் பெருமைப்பட்டேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

பட்டம் சும்மா வரவில்லை. அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற ஓர் அங்கிள் இருந்தார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருந்துவிட்டு, மகளோடு கிள்ளானுக்கு வந்தவர். எங்களைப் போலவே யாழ்ப்பாணத்து வழி. ஒவ்வொரு முறையும் காலி மாத்திரை அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டு, கோப்பு சமர்ப்பிப்பது போல மேசையில் வைப்பார். ஆனால் அவருடைய கொழுப்பு மட்டும் இறங்கவே இறங்காது.

ஒரு தடவை எண்ணிப் பார்த்தேன். அன்று அவர் இரண்டு நாள் முன்னதாகவே வந்திருந்தார். அட்டைகளோ மொத்தமும் காலி.

"அங்கிள், நாளைக்கும் நாளன்றைக்கும் உள்ள மாத்திரை எங்க?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"அதையும் சேர்த்துப் போட்டிட்டீங்களோ?"

"அது சதையைத் தின்னுமெண்டு போனில வந்தது, பிள்ளை" என்றார். மாதம் பிறந்ததும் கொழுப்பு மாத்திரைகளை மொத்தமாகப் பிதுக்கி வாசல் பூச்சட்டியில் புதைத்திருக்கிறார். செம்பருத்திக்காவது கொழுப்பு நன்றாகக் குறைந்திருக்கும் என்று சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அதன்பிறகு ஒழுங்காகப் போட்டார் என்று கேள்வி. பாதிதான் நம்பினேன்.

இப்படி நாலைந்து பேரைப் பிடித்த பிறகு எனக்குள் ஒரு திமிர் வளர்ந்துவிட்டது. நோயாளி வாய் திறந்தால் அதில் பாதி பொய், எந்தப் பாதி என்று கண்டுபிடிப்பதுதான் என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு முன்னால் அந்த அறையில் இருந்தவர் ஒரு மலாய்க்கார அம்மையார். தமிழ் நோயாளி வந்தால், தனக்குத் தெரிந்த முப்பது தமிழ்ச் சொற்களை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவார். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "இப்ப நீங்க வீட்டுக்குப் போய் வைஃப்கிட்ட என்ன சொல்வீங்க? எனக்குச் சொல்லுங்க" என்பார். அந்த ஆள் தப்பாகச் சொன்னால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பம். ஓர் ஆளுக்கு முக்கால் மணி நேரம் ஆகும், பெஞ்சில் கூட்டம் சேரும். அவரிடம் வேலை பழகிக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எதற்கு இவ்வளவு நேரம் என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். "நான் சொன்னது அவருக்குள்ள என்னவா போய்ச் சேந்ததுன்னு எனக்குத் தெரியாதே" என்று மலாயில் சொன்னார். பாவம், மொழி தெரியாதவர், அவருக்கு அது தேவைதான் என்று நினைத்தேன். எனக்குத் தமிழ் தாய்மொழி. எனக்கு எதற்கு அந்த வேலை?

இனி மாரிமுத்து அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கங்களை எழுத ஒத்துக்கொண்டதே அவருக்காகத்தான்.

பண்டமாரான்காரர். போர்ட் கிள்ளானில் கொண்டெய்னர் லோரி ஓட்டியவர். வயது ஐம்பதைத் தொட்டிருந்தது. இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போய், அதை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்திருந்தார்கள். அப்படி வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமலிருக்க உயிருள்ளவரை ஒரு மாத்திரை உண்டு. மருந்தின் வேகம் குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டி, அந்தக் கட்டி மூளைக்குப் போகும். கூடினால் உடம்பில் எங்காவது ரத்தம் கொட்டும். அதனால் விரலில் ஒரு சொட்டு எடுத்து, கருவி காட்டும் எண்ணைப் பார்த்து அளவை மாற்றுவோம். அவருக்கு அந்த எண் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும்.

வீட்டுக்குப் போகும் நாளில் மனைவியோடு என் அறைக்கு வந்தார். லெட்சுமி அக்கா தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் சமைப்பவர். அண்ணனுக்குக் கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளத்துப் போயிருந்தது. அக்காதான் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அவரைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"அக்கா, இது ரத்தத்தைத் தண்ணியாக்குற மருந்து. ஒரு நாள்கூட விடக் கூடாது. சாப்பாட்டுல கீரைய திடீர்னு கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாது."

"ரத்தம் தண்ணியாயிருமா மிஸ்ஸி?"

"ஆமாக்கா. அப்படித்தான் இருக்கணும்."

அவர் திரும்பிப் புருஷனை ஒரு பார்வை பார்த்தார்.

"புரிஞ்சுதாக்கா?"

"புரிஞ்சுது மிஸ்ஸி."

தாளில் 'விளக்கம் புரிந்தது' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் டிக் போட்டேன். பதினைந்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

வார்டில் இருந்தபோது அவருடைய எண் இரண்டே முக்கால். முதல் வாரம் இரண்டுக்கு வந்தது. அளவைக் கூட்டினோம். இரண்டாவது வாரம் இன்னும் இறங்கியது. மறுபடியும் கூட்டினோம். மாத்திரையைக் கூட்டக் கூட்ட எண் இறங்குகிறது என்றால், உங்களுக்கு என்ன தோன்றும்? எனக்குப் பூச்சட்டிதான் தோன்றியது.

அட்டைகளை எண்ணினேன். கணக்கு மிகச் சரி. அது சரியாக இருந்ததே என் சந்தேகத்தைக் கூட்டியது.

"அண்ணே, என்கிட்ட உண்மைய சொல்லுங்க. மாத்திரைய போடுறீங்களா இல்லையா?"

"முருகன் சத்தியமா போடுறேன் மிஸ்ஸி. அவதான் கையில எடுத்துக் குடுக்குறா."

சத்தியம் செய்கிறவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. மனசுக்குள் ஒரு வழக்கையே ஜோடித்தேன். இவர் லோரிக்காரர். இந்த மாத்திரை போட்டால் இனி லோரி ஓட்ட விடமாட்டார்கள் என்று துறைமுகத்தில் யாராவது காதில் ஓதியிருப்பார்கள். அதனால் அக்காவுக்குத் தெரியாமல் துப்பிவிடுகிறார். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தாத ஒரே விஷயம் அந்த மனிதருடைய முகம். அதில் எரிச்சல் இருந்தது, திருட்டுத்தனம் இல்லை. அதை நான் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

எடை பார்த்துவிட்டு வாருங்கள் என்று அவரை வெளியே அனுப்பிவிட்டு, அக்காவைத் தனியாக விசாரித்தேன்.

"நெசமாவே போடுறாரா அக்கா?"

"போடுறாரு மிஸ்ஸி. தொண்டையில எறங்குற வரைக்கும் நான் பக்கத்துலயே நிப்பேன்."

"சாப்பாட்டுல ஏதாச்சும் மாத்துனீங்களா?"

"இல்ல மிஸ்ஸி. எப்பவும் போலத்தான்."

மடியில் ஒரு பச்சை ஃப்ளாஸ்க் வைத்திருந்தார். வந்த ஒவ்வொரு முறையும் அது கூடவே வந்தது. காத்திருக்கும் நேரத்தில் அண்ணனுக்கு மூடியில் ஊற்றிக் கொடுப்பார். அட்டை அட்டையாகப் புரட்டிப் பார்த்த இந்தப் போலீஸுக்கு, அதில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. காப்பி என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் எண் ஒன்றரை. மருத்துவர் இளைஞர், கெட்டிக்காரர். "அட்மிட் பண்ணிடலாம். எண் ஏறும் வரை ஊசி போடுவோம்" என்றார். அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். "டாக்டர், இவர் மாத்திரை போடவில்லை என்பது என் கணிப்பு. ஒழுங்காகப் போட வைத்தால் தானாக ஏறும். ஒரு வாரம் கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்." என் பெயருக்கு அங்கே ஒரு மரியாதை இருந்தது. அவர் தயங்கினார், பிறகு தலையாட்டிவிட்டார்.

இதை எழுதும்போது இன்றைக்கும் கை கூசுகிறது. அவர் தயங்கிய அந்த ஒரு நிமிடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம்.

அதோடும் நிறுத்தவில்லை. அண்ணனுடைய சிகிச்சைப் புத்தகத்தில், 'மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை எனச் சந்தேகம்' என்று சிவப்பு மையில் எழுதினேன். அவர் கண்ணெதிரிலேயே எழுதினேன். "அண்ணே, உயிர் உங்களோடது. ஏமாத்துறதுன்னா உங்களையேதான் ஏமாத்திக்கிறீங்க" என்றும் சொன்னேன். அவர் புத்தகத்தை வாங்கிக்கொண்டு எழுந்து போனார். அக்கா வாசலில் நின்று ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு அவர் பின்னால் போனார்.

நாலாவது வாரம் காலை பத்து மணி இருக்கும். அண்ணன் உள்ளே வந்தார். நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டேன். பதிலில் சொல் சொல்லாக இல்லை, வழுக்கிக்கொண்டு வந்தது. புத்தகத்தை நீட்டினார், அது கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

அந்த நொடியில் என் மனசுக்கு என்ன வந்தது தெரியுமா? குடித்துவிட்டு வந்திருக்கிறார். லோரிக்காரர், போன வாரம் நான் திட்டிய கோபம், காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்துவிட்டார். குனிந்து மோந்துகூடப் பார்த்தேன். விபூதி வாசமும் தைல வாசமும்தான் வந்தன. அப்போதும் விடவில்லை. அக்கா பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி ஒற்றை வார்த்தையில் கேட்டேன்.

"தண்ணியா?"

அக்கா முகம் வெளுத்துப் போனது.

"தண்ணியாயிருச்சா மிஸ்ஸி? ஐயோ! தண்ணியாயிரக் கூடாதுன்னுதானே நான் தெனமும் சூப்பு வச்சுக் குடுக்குறேன்!"

"என்ன சூப்பு?"

"முருங்கக்கீரை சூப்புதான் மிஸ்ஸி. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ரத்தம் ஊறணும்ல? நீங்க மருந்தக் கூட்டக் கூட்ட நானும் கீரையக் கூட்டித்தான் போட்டேன்."

ஃப்ளாஸ்க்கைத் திறந்து என் முன்னால் நீட்டினார். கரும்பச்சையாக, கொழகொழவென்று, ஆவி பறந்தது.

எல்லாம் ஒரே நேரத்தில் என் தலையில் இறங்கியது. 'ரத்தம் தண்ணியாப் போச்சு' என்று நம் வீடுகளில் யாரைச் சொல்வார்கள்? உடம்பில் சத்து இல்லாதவரை, எழுந்து நிற்கத் தெம்பில்லாதவரை. கன்னம் ஒட்டிய புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் ரத்தம் தண்ணியாக வேண்டும் என்று நான் சொல்லியிருக்கிறேன். வால்வுக்கு மருந்து தேவை, அதை அக்கா தவறாமல் கொடுத்தார். மனிதருக்கு ரத்தம் தேவை, அதற்கு சூப் கொடுத்தார். இரண்டையுமே சிரத்தையாகச் செய்தார். அந்தக் கீரை மருந்தின் வேலையைத் தட்டிவிடும் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. சாப்பாட்டை மாற்றினீர்களா என்று கேட்டேன், அவர் மாற்றவில்லை. சூப் அவர் கணக்கில் சாப்பாடே இல்லை, அதுவும் ஒரு மருந்து.

மறுபடி அண்ணன் முகத்தைப் பார்த்தேன். இந்த முறைதான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். வாயின் வலது ஓரம் கீழே இழுத்திருந்தது.

"அண்ணே, ரெண்டு கையையும் தூக்குங்க." இடது கை ஏறியது. வலது கை பாதியில் தொங்கிவிட்டது.

கருவி மேசையில் தயாராக இருந்தது. விரலில் குத்தி எண்ணைப் பார்த்துவிட்டு அனுப்பலாமா என்று கை ஒரு கணம் அதன் பக்கம் போனது, பழக்கதோஷம். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அவசரப் பிரிவுக்கு போன் போட்டு, "உலோக வால்வு, எண் மூன்று வாரமாகக் குறைவு, பக்கவாத அறிகுறி, இப்போது கொண்டுவருகிறேன்" என்று நாலே வாக்கியம் சொன்னேன். சக்கர நாற்காலியை நானே தள்ளிக்கொண்டு ஓடினேன். ஓடும்போதே அக்காவிடம், "கடைசியா எப்ப நல்லாப் பேசுனாரு?" என்று கேட்டேன்.

"பார்க்கிங்ல எறங்குறப்ப நல்லாத்தான் பேசுனாரு மிஸ்ஸி. போலீஸ்கிட்ட இன்னிக்கும் ஏச்சு வாங்கணும்னு சொல்லிச் சிரிச்சாரு."

அண்ணன் பிழைத்துக்கொண்டார். நேரத்தோடு போய்ச் சேர்ந்ததால் என்றார்கள். பேச்சு திரும்பியது, கொஞ்சம் இழுவையோடு. வலது கையின் பிடி முழுசாகத் திரும்பவில்லை. அந்தக் கையை வைத்துக்கொண்டு கொண்டெய்னர் லோரி ஓட்ட முடியாது. இருபத்தைந்து வருடமாக ஓட்டிய வண்டியை விட்டார். இப்போது கொண்டெய்னர் யார்டு வாசலில் உட்கார்ந்து, உள்ளே வரும் லோரிகளின் எண்ணை இடது கையால் எழுதுகிறார்.

அவர் வார்டில் இருக்கும்போதே நடந்ததை முழுக்க எழுதி என் மேலதிகாரியிடம் கொடுத்தேன். மருத்துவரிடமும் சொன்னேன். கீரையை ஒரேயடியாக நிறுத்தினால், கூட்டிவைத்த மருந்து எண்ணை எதிர்ப்பக்கம் தூக்கிவிடும் என்பதால் அளவைத் திரும்ப மெல்ல இறக்கினோம். அதில் தப்பு நடக்கவில்லை. புத்தகத்தில் என் சிவப்பு வரியை அடித்துவிட்டு, அதன் கீழே 'மருந்தாளர் தந்த விளக்கம் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் புத்தகத்தை இன்னமும் அவர் கொண்டுவருவார், உங்களில் யாராவது பார்ப்பீர்கள்.

வார்டு வாசலில் லெட்சுமி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ நான் குடுத்த சூப்புதானா மிஸ்ஸி?"

"இல்லக்கா. நான் சொன்ன வார்த்தை."

"வார்த்தை என்ன பண்ணும் மிஸ்ஸி? கையால வச்சுக் குடுத்தது நான்தானே."

ரத்தம் உறையாமல் தடுக்கிற மருந்து என்று நான் சொல்லியிருக்க வேண்டும், தண்ணி என்ற பேச்சையே எடுத்திருக்கக் கூடாது என்று அங்கேயே நின்று விளக்கினேன். தலையை ஆட்டிக் கேட்டார். நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு எந்த நோயாளியையும் திருப்பிச் சொல்லவைக்காமல் நான் அனுப்பியதில்லை. அந்த மலாய்க்கார அம்மையார் கேட்ட கேள்வியைத்தான் அப்படியே கேட்டேன். பெஞ்சில் கூட்டம் சேர்ந்தது, முனகினார்கள், முனகட்டும் என்று விட்டேன். சூப், கஷாயம், லேகியம், கோயிலில் கொடுத்தது, பக்கத்து வீட்டில் கொடுத்தது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டேன். கீரையே கூடாது என்றும் சொல்லவில்லை. எப்போதும் ஒரே அளவாக இருக்கட்டும், மாற்றுவதாக இருந்தால் எங்களிடம் முதலில் சொல்லுங்கள் என்றேன். நீங்களும் இவ்வளவும் செய்யுங்கள். சந்தேகப்படுவதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை, இந்த வேலைக்கு அது வேண்டும். ஆனால் எண் சரியில்லை என்றால், அட்டையை எண்ணுவதற்கு முன்னால், நீங்கள் போட்ட டிக்கை எடுத்துப் பாருங்கள். எல்லாரையும் விசாரித்த நான் என்னை மட்டும் விசாரிக்கவில்லை. அதற்கு ஒரு மனிதர் தன் வலது கையைக் கொடுத்தார்.

நான் ஓய்வுபெற்ற வாரத்தில் கடைசியாக அவர்கள் இருவரும் வந்தார்கள். எண் மூன்று, அச்சாக நடுவில் நின்றது. "இந்த மருந்து எதுக்குண்ணே?" என்று கேட்டேன். "வால்வுல ரத்தம் ஒறஞ்சு கட்டாம இருக்க, மிஸ்ஸி" என்று இழுத்து இழுத்துச் சரியாகச் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உட்கார்ந்து ஊர்க்கதை பேச வேண்டும் போல இருந்தது.

அப்போது லெட்சுமி அக்கா மடியிலிருந்த பச்சை ஃப்ளாஸ்க்கை எடுத்தார். நான் கேட்கவில்லை. அதன் பக்கம் பார்க்கக்கூட இல்லை. அவராகவே மூடியைத் திருகி, உள்ளே நன்றாகத் தெரியும்படி சாய்த்து, என் முகத்துக்கு நேரே பிடித்தார். அந்த நாளுக்குப் பிறகு வந்த ஒவ்வொரு முறையும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார். வேண்டாம் அக்கா என்று எத்தனையோ தடவை சொல்லியும் நிறுத்தவில்லை.

"பாத்துக்குங்க மிஸ்ஸி" என்றார். "வெறும் தண்ணிதான்."